65 வயது ஆனால் மாற்றுத்திறனாளி பணம் நின்றுவிடுமா? மும்பைத் தமிழர்களுக்கு ஒரு விளக்கம்

வணக்கம். தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் பக்கம் மாநில அரசின் சஞ்சய் காந்தி நிராதார் திட்டத்தில் மாற்றுத்திறனாளி உதவித்தொகை வாங்கும் நம்மவர்கள் கேட்கும் கேள்வி இது: "சஞ்சய் காந்தி பணம் வாங்குகிறேன். அடுத்த வருடம் 65 முடிகிறது. அதற்கப்புறம் வருமா, வராதா?"

வரும். ஆனால் அதே தொகை தானாக வந்து சேரும் என்று நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

[திரையில்: 58 / 60 / 65]

ஊனத்துக்காக வரும் பணம் எல்லாம் ஒரே கஜானாவிலிருந்து வருவதில்லை. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தருவது வேறு, பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) அலுவலகம் தருவது வேறு, மாநில அரசு தருவது வேறு. ஓய்வு வயதுக் கணக்கும் ஒவ்வொன்றுக்கும் வேறு. பக்கத்து வீட்டுக்காரருக்கு நின்றுவிட்டது என்பதற்காக நீங்கள் கலங்க வேண்டாம். அவர் வாங்கியது வேறு பணமாக இருக்கும்.

வயது ஆனாலும் நிற்காத பணத்தை முதலில் பார்த்துவிடுவோம்.

பட்டறையில், கம்பெனியில் வேலை செய்யும்போது விபத்து. விரல் போயிற்று, கை போயிற்று. ஈஎஸ்ஐ இருந்தால், சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போயிற்று என்று அவர்களுடைய மருத்துவக் குழு எழுதிக் கொடுக்கும். கணக்கு இப்படி: விபத்து நடந்தபோது தினக்கூலி 500 ரூபாய் என்றால், அதில் 90 விழுக்காடு 450. திறன் இழப்பு 30 விழுக்காடு என்றால் நாளுக்கு 135 ரூபாய். முப்பது நாளைக்கு 4,050. இது ஆயுள் முழுக்க வரும் பணம். வயது 60 ஆனாலும் வரும், 80 ஆனாலும் வரும். வேறு வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாலும் வெட்ட மாட்டார்கள். தொகை சிறியது என்று அப்போதே மொத்தமாக வாங்கிக்கொண்டவர்களுக்கு மட்டும் மாதப் பணம் கிடையாது.

ஈஎஸ்ஐயில் வயது குறுக்கிடும் இடம் பணம் அல்ல, மருத்துவம். நிரந்தர ஊனத்தால் வேலையை விட்டவர், மாதம் 10 ரூபாய் வீதம் வருடத்துக்கு 120 ரூபாய் முன்கூட்டியே கட்டினால், தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் ஈஎஸ்ஐ மருத்துவம் பெறலாம். எதுவரை? விபத்து நடக்காமல் இருந்திருந்தால் எந்த வயதில் ஓய்வு பெற்றிருப்பாரோ, அதுவரை. கம்பெனியில் ஓய்வு வயது என்று ஒன்று எழுதியே வைக்கவில்லை என்றால் 60 என்று கொள்வார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்கான விதி. கட்டணம் அதேதான், ஆனால் குறைந்தது ஐந்து வருடம் ஈஎஸ்ஐயில் காப்பீடு பெற்றிருக்க வேண்டும் என்று அந்த விதி கேட்கிறது. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடமே கையை இழந்த ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் ஓய்வு வயது வரும் வருடத்துக்கு முன்னாலேயே கிளை அலுவலகத்துக்குப் போய், "அடுத்த வருடம் எந்த விதியில் என் மருத்துவம் தொடரும்?" என்று எழுதிக் கேளுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரை தொடர்ந்து வாங்குபவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பிஎஃப் பக்கம் கதை சுருக்கமானது. 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில், வேலையில் இருக்கும்போது முழுமையாகவும் நிரந்தரமாகவும் ஊனமடைந்தவருக்கு உடனே ஓய்வூதியம் உண்டு. பத்து வருட சர்வீஸ் வேண்டும் என்ற நிபந்தனை இங்கே இல்லை. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலும் போதும். இந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் 1,000 ரூபாய். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் தொடங்கும் 58 வயது வந்தாலும் இதில் ஒன்றும் மாறாது. வருடத்துக்கு ஒரு முறை உயிர்வாழ் சான்று கொடுத்தால் சரி.

அரசு வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வரி. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் வீட்டுக்கு அனுப்ப முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20-ஆவது பிரிவு: அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அப்படி வேலை இல்லை என்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு வயது வரும்வரை கூடுதல் பணியிடம் ஒன்றில் வைத்திருக்க வேண்டும்.

சரி, இப்போது சஞ்சய் காந்தி பணம்.

[திரையில்: சஞ்சய் காந்தி நிராதார் → 65 வயது → ஷ்ராவண்பாள்]

மகாராஷ்டிராவில் சஞ்சய் காந்தி நிராதார் திட்டம் 65 வயது வரை. 65-லிருந்து ஷ்ராவண்பாள் திட்டம். அது முதியோருக்கானது. ஊரில் இருக்கும் சொந்தக்காரர்கள் "60 ஆனாலே முதியோர் பணம் வருமே" என்பார்கள். இங்கே மாநிலக் கணக்கு 65.

முக்கியமான விஷயம் இதுதான். ஷ்ராவண்பாளில் பொதுவாகத் தருவது மாதம் 1,500 ரூபாய். மாற்றுத்திறனாளிகளுக்கு 2025 அக்டோபரிலிருந்து 2,500. இந்தக் கூடுதல் 1,000 ரூபாய் சஞ்சய் காந்தியில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் உண்டு, ஷ்ராவண்பாளில் இருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் உண்டு. அப்படியானால் 65-இல் உங்கள் பெயர் ஒரு பட்டியலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, "திவ்யாங்" (மாற்றுத்திறனாளி) என்ற குறிப்பும் கூடவே போக வேண்டும். போகவில்லை என்றால் கணினியில் நீங்கள் வெறும் முதியவர். மாதம் 1,000 ரூபாய் நஷ்டம், வருடத்துக்கு 12,000. ஒரு காலில் நின்று குடும்பத்தைக் காப்பாற்றிய மனிதருக்கு இந்த இழப்பு நேரக் கூடாது. இந்த வீடியோவை எடுத்ததே இதற்காகத்தான்.

வருமான வரம்பும் இருக்கிறது. பொதுவான வரம்பு குடும்பத்துக்கு வருடம் 21,000 ரூபாய். சஞ்சய் காந்தியில் மாற்றுத்திறனாளிக்கு 50,000. ஊனம் பதிவில் இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் நம்மவர்களுக்கே உரிய ஒரு தொல்லை: பெயர். இங்கே படிவத்தில் தன் பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். நமக்கு இனிஷியல்தான். ஆதாரில் "முருகன் எஸ்", பாஸ்புக்கில் "எஸ். முருகன்", ஊனச் சான்றில் "முருகன் சுடலைமுத்து". மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பிறந்த தேதியும் அப்படித்தான். பள்ளிக்கூடம் போகாத பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று போட்டிருக்கும். ரேஷன் கார்டில் வேறு வயது. 64 வயதிலேயே எல்லாவற்றையும் ஆதாரோடு ஒத்துப் பார்த்துத் திருத்திவிடுங்கள். மாற்றம் நடக்கிற மாதத்தில் திருத்த ஓடினால், அந்த மாதப் பணம் தொங்கும்.

ஊனச் சான்றையும் எடுத்துப் பாருங்கள். நிரந்தரம் என்று இருக்கிறதா, காலாவதி தேதி போட்டிருக்கிறதா? தேதி 65-ஐ ஒட்டி வந்தால், முன்னதாகவே சயான் ஆஸ்பத்திரியிலோ ஹாஜி அலியில் உள்ள மறுவாழ்வு நிறுவனத்திலோ புதுப்பித்து வைத்துக்கொள்ளுங்கள். யூடிஐடி கார்டும் (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை) கையில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தும் 65-க்குப் பிறகு 1,500 மட்டும் வந்தால்?

தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுங்கள். மராத்தியில் எழுதத் தெரியாது என்றால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். நான்கு விஷயம் இருந்தால் போதும்: இதுவரை சஞ்சய் காந்தியில் மாற்றுத்திறனாளியாகப் பணம் பெற்றேன், யூடிஐடி எண் இது, ஷ்ராவண்பாளிலும் என்னைத் திவ்யாங் என்று பதிய வேண்டும், குறைத்துத் தந்த மாதங்களின் பாக்கியைத் தர வேண்டும். சட்டத்தையும் ஒரு வரி சேர்க்கலாம். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களைவிட மாற்றுத்திறனாளிக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. உங்களுக்கும் பக்கத்து வீட்டு முதியவருக்கும் ஒரே தொகை வந்தால், அந்தப் பிரிவு அங்கே கேள்வி கேட்கும்.

மனுவின் பிரதியில் ஆவக் முத்திரையும் (மனு வந்து சேர்ந்தது என்பதற்கான முத்திரை) தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். தாசில்தார் மட்டத்தில் நகரவில்லை என்றால் மாநில அரசின் ஆப்லே சர்கார் இணையதளத்தில் புகார் போடுங்கள், அல்லது கலெக்டர் அலுவலகம் போங்கள். தாராவி, மாட்டுங்கா, சயான்காரர்களுக்கு மும்பை நகர மாவட்டம், அலுவலகம் ஃபோர்ட்டில். செம்பூர், முலுண்ட் பக்கம் இருப்பவர்களுக்குப் புறநகர் மாவட்டம், பாந்த்ரா கிழக்கில். முத்திரை போட்ட அந்தப் பிரதியோடு போங்கள்.