பீரோவின் அடித்தட்டுச் சேலை

நேயர்களுக்கு வணக்கம்.

ஈரோட்டில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குத் தையலும் சொல்லிக் கொடுக்கிறேன். பழைய துணியைப் பிரித்து வேறு உடையாகவும் பரிசுப் பொருளாகவும் தைப்பது பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது உடனே சரி என்றேன். கடைக்கு வரும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

பழைய துணியோடு வருகிறவர்கள் பையைத் திறக்கும்போதே கொஞ்சம் கூச்சப்படுவார்கள். "ரொம்பப் பழசு அக்கா, ஏதாவது தேறுமான்னு பாருங்க" என்பார்கள். பழசாக இருப்பதால்தான் அதில் தைக்க எனக்கு ஆசை. புதுப் பருத்தித் துணி முதல் சில சலவையில் சுருங்கும். விவரமான தையல்காரர் அதை நனைத்துக் காயவைத்த பிறகே வெட்டுவார். சாயம் போகுமோ என்ற பயம் வேறு. பத்து வருடம் துவைத்த நூல் சேலையிலோ சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். அதில் ஒரு குழந்தைச் சட்டை தைத்தால் தைத்த அளவிலேயே நிற்கும். பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல் தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றுகிற வழக்கம் நம் வீடுகளில் சும்மா வரவில்லை. அந்த மெதுமெதுப்பு கடையில் கிடைக்காது. தொட்டில் கட்ட அம்மாவின் நூல் சேலையைத் தேடுவதும் அதற்காகத்தான். ஆனால் ஒன்று, நைந்துபோன சேலையைத் தொட்டிலுக்குக் கட்டிவிடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து நன்றாக இழுத்துப் பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

கத்தரிக்கோலைக் கடைசியில்தான் எடுக்க வேண்டும். அதற்கு முன் துணியோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். துவைத்துக் காயவைத்து, ஜன்னலில் வெயில் வரும் நேரமாகப் பார்த்து, வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடியுங்கள். இழை மெலிந்த இடத்தில் வெளிச்சம் சல்லடையில் விழுவதுபோல் விழும். அங்கெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். சேலை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. குதிகாலில் உரசும் கீழ்க்கரை, கொலுசு மாட்டி இழுத்த இடம், தோளில் ஊக்குக் குத்திய இடம், இவைதான் முதலில் போகும். கொசுவத்துக்குள் மடிந்தே இருந்த பகுதி நேற்று எடுத்த துணி போல இருக்கும். ஆண்கள் சட்டையில் காலரும் கைப்பட்டியும் நைந்துவிடும், முதுகுத்துணி திடமாக நிற்கும். வேட்டியில் உட்காரும் இடம் போகும், கரையோரம் அப்படியே இருக்கும்.

அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துவைத்து, நீள இழையான பாவு வாட்டத்தில் ஒருமுறையும் குறுக்கு இழையான ஊடை வாட்டத்தில் ஒருமுறையும் துணியை இழுத்துப் பாருங்கள். தாங்கினால் உடைக்கு ஆகும். மெல்லச் சத்தம் போட்டுக்கொண்டு இழை விட்டால் உடைக்கு ஆகாது, பைக்கு ஆகும்.

இதை நான் நஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தொழிலுக்கு வந்த புதிதில் எங்கள் அத்தையின் மாம்பழ நிறப் பட்டுச் சேலையில் என் மகளுக்குப் பாவாடை தைத்தேன். பார்க்க அவ்வளவு பளபளப்பு, இழுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. தீபாவளி அன்று காலையில் பிள்ளை பலகாரத் தட்டோடு தரையில் உட்கார்ந்தாள், பாவாடை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தது. மறுபடி எடுத்துப் பார்த்தபோது எல்லாக் கிழிசலும் நேர்கோட்டில் இருந்தன. இருபது வருடம் பெட்டியில் ஒரே மடிப்பில் இருந்த சேலை அது. பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுவிட்டது. மடிப்பில் சரிகையும் சேர்ந்தால் இன்னும் மோசம், உலோகம் பக்கத்து இழையை அறுத்துக்கொண்டே இருக்கும். பட்டுச் சேலையைச் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து மாற்றி மடித்து வையுங்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

அந்தச் சேலையை நான் விட்டுவிடவில்லை. மடிப்புக் கோடுகளுக்கு நடுவில் இருந்த நல்ல பகுதிகளைச் சதுரம் சதுரமாக எடுத்தேன். உள்ளே நூல் துணி லைனிங் கொடுத்து, வாயில் இரட்டைக் கயிறு கோத்துச் சுருக்குப்பை தைத்தேன். அப்பத்தாக்கள் இடுப்பில் செருகியிருப்பார்களே வெற்றிலையும் சில்லறையுமாக, அதே பைதான். பன்னிரண்டு பை தேறியது. நவராத்திரிக்கு வந்த சொந்தக்காரப் பெண்களுக்கு வெற்றிலை பாக்கை அதில் போட்டுக் கொடுத்தேன். அத்தை அப்போது இருந்தார். ஒவ்வொரு பையும் கைமாறும்போது அந்தச் சேலையை எந்தக் கல்யாணத்துக்குக் கட்டினேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நல்ல நிலையில் இருக்கும் பட்டாக இருந்தால் பாவாடைதான் தைக்க வேண்டும். சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் ஏறத்தாழ 47 அங்குலம். இரண்டு பக்கமும் கரை உள்ள சேலையை நீளவாக்கில் நடுவில் வெட்டினால், தனித்தனிக் கரையோடு இரண்டு சின்னப் பெண்களுக்குப் பாவாடை கிடைக்கும். அக்கா தங்கைக்கு ஒரே சேலையில் தைப்பது எனக்குத் தனிச் சந்தோஷம். முந்தானையை ரவிக்கைக்கு வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் உடலும் கரையும் தறியிலேயே கோத்துச் சேர்த்தவை. கனமான கரையை உடல் தாங்கித் தாங்கி, அந்தச் சேர்மானத்தில்தான் விரிசல் தொடங்கும். விரிசல் இருந்தால் அந்த வரியை மடித்து உள்ளே தள்ளி ஒரு தையல் போட்டுவிடுங்கள்.

"பழைய பட்டுச் சேலை வாங்குறது" என்று தெருவில் கூவிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பார்ப்பது சரிகையை மட்டும். அசல் சரிகையில் உள்ளே சிவப்புப் பட்டு நூல், அதன்மேல் சுற்றிய வெள்ளிக் கம்பி, அதற்கு மேல் தங்கப் பூச்சு. சேலையை எரித்து வெள்ளியை எடுத்துவிடுவார்கள். பணமுடை என்றால் விற்கத்தான் வேண்டும், அதில் தப்பு இல்லை. முடை இல்லாதபோது அவசரப்படாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சட்டைக்கு ஒரு சுலபமான வழி சொல்கிறேன், தையல் புதிதாகக் கற்கிறவர்கள் இதில் தொடங்கலாம். பழைய சட்டையின் பொத்தானை எல்லாம் போட்டு, தரையில் பரப்பி, முன்னும் பின்னும் சேர்த்துச் சதுரமாக வெட்டுங்கள். உட்புறம் வெளியே வரும்படி நான்கு பக்கமும் அடித்து, பொத்தானைக் கழற்றித் திருப்பினால் தலையணை உறை தயார். பொத்தான் பட்டியே வாய். காஜா போடும் வேலையும் மிச்சம். பாக்கெட்டை அப்படியே விட்டுவிடுங்கள், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். ஜீன்ஸ் துணியில் பை தைப்பதானால் 16-ஆம் நம்பர் ஊசி போடுங்கள். பட்டுக்கு 11. ஊசியை மாற்றாமல் தைத்துவிட்டு மெஷினைக் குறை சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் திருப்பூர். உலகத்துக்கே பனியன் தைத்துக் கொடுத்த ஊர், எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் சோறு சாப்பிட்டன. அங்குள்ள சாய ஆலைகளின் கழிவுத்தண்ணீர் இறங்கிய நொய்யல் ஆற்றையும் நாங்கள் பார்த்திருக்கிறோம். பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் கழிவு தேங்கி, அந்தத் தண்ணீர் பயிருக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. அதன்பிறகு ஒரு துணிக்குச் சாயம் ஏற்றுவது என்றாலே எனக்கு அந்த ஆறு நினைவுக்கு வரும். நூலாகி, துணியாகி, சாயமும் ஏறி வீட்டுக்குள் வந்துவிட்ட ஒன்றை இன்னும் பத்து வருடம் உழைக்க வைக்க முடியுமென்றால் அதை ஏன் விட வேண்டும்?

கர்நாடகத்தில் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி மக்கள் இருக்கிறார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர். அந்தப் பெண்கள் வீட்டுப் பழந்துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். படம் வரைந்துகொள்வதில்லை. ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஊசியை மேலும் கீழுமாக விட்டு வாங்கும் ஓட்டுத் தையல் போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்து நடுவில் முடிக்கிறார்கள். நான்கு மூலையிலும் சின்னத் துண்டுகளை முக்கோணமாக மடித்துப் பூ வைக்கிறார்கள். பூ இல்லாத கவந்தியை முடிந்ததாகவே அவர்கள் நினைப்பதில்லை. வங்காளத்துக் காந்தா வேலையிலும் இதே ஓட்டுத் தையல்தான், அதற்கான வண்ண நூலைப் பழைய சேலையின் கரையிலிருந்தே உருவி எடுப்பார்கள். என் மாணவிகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பதும் ஓட்டுத் தையல். மெஷின் இல்லாத வீட்டிலும் ஊசியும் நூலும் இருக்கும்.

கூலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிப்பது, நைந்த இடம் பார்ப்பது, பொருத்தம் பார்த்து வெட்டுவது எல்லாம் சேர்த்தால், புதுத்துணியில் தைப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் ஆகும். அதற்கான கூலி கேட்டால், "இந்தக் காசுக்குப் புதுசே எடுத்திரலாமே" என்பார்கள். எடுக்கலாம்தான். ஆனால் அம்மாவின் சேலை கடையில் இருக்காதே. பழைய துணி வேலைக்குக் கூலியைக் குறைக்காதீர்கள் என்று என் மாணவிகளிடம் சொல்கிறேன். உட்கார்ந்து தைக்கிற முதுகுக்குத் துணி பழசா புதுசா என்பது தெரியாது.

என் அம்மாவின் கல்யாணச் சேலை அரக்கு நிறம். இந்த முறை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, இழுத்துப் பார்த்து, மடிப்பெல்லாம் தாங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் வெட்டினேன். பேத்திக்கு அப்போது ஆறு வயது. கரையிலிருந்து 32 அங்குலம் எடுத்து, உள்பக்கமாக மூன்று டக் பிடித்தேன், பிள்ளை வளர வளரப் பிரித்துவிடுகிற மடிப்புத் தையல் அது. ஒவ்வொன்றும் இரண்டு அங்குலம் விழுங்கும். போன வருடம் ஒன்றைப் பிரித்தோம். இந்தப் பொங்கலுக்கு இரண்டாவது. பிரித்த இடத்தில் வெயில் படாத பட்டு ஒரு கோடாக, கொஞ்சம் அடர்த்தியான அரக்கில் தெரிகிறது. அவள் கண்ணாடி முன்னால் நின்று அந்தக் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் எத்தனை இருக்கிறது பாட்டி என்று கேட்டாள். ஒன்று இருக்கிறது கண்ணு என்றேன்.

வணக்கம்.