கார்டு வேண்டுமா என்று போன் வந்தால்

நேயர்களுக்கு வணக்கம். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமெல்லாம் கிரெடிட் கார்டு தருகிறோம் என்று போன் வருகிறது, வாங்கலாமா கூடாதா என்று பலர் கேட்கிறீர்கள். வாழ்நாள் முழுக்கக் கட்டணம் இல்லை, சேர்ந்ததும் பாயிண்ட், பெட்ரோலுக்குச் சலுகை, விமான நிலையத்தில் இலவச ஓய்வறை என்று அடுக்குகிறார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். உங்கள் வீட்டுக்குப் பணம் எப்போது வருகிறது?

கார்டு பில் மாதாமாதம் தவறாமல் வந்துவிடும். நம் கடலோர வருமானம் அப்படியா வருகிறது? மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் நிற்கின்றன, அது போகக் காற்றுக் காலம், புயல் எச்சரிக்கை, கடலுக்குப் போக மீன்வளத்துறை அனுமதி டோக்கன் தராத நாட்கள், வேலைநிறுத்தம், இதையெல்லாம் தாண்டிக் கடலுக்குப் போய் மீன்பாடு கிடைத்தாலும் இறால் விலை இறங்கிவிட்டால் ஐஸுக்கும் டீசலுக்குமே சரியாகிவிடும்.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். பில் தொகை முழுவதையும் கெடுவுக்குள் கட்டுகிறவருக்கு 45, 50 நாள் வரை வட்டியில்லாத பணம் கிடைக்கிறது. ஒழுங்காகக் கட்டி வந்தால், கடனைச் சரியாகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற சிபில் மதிப்பெண் ஏறும், நாளைக்குப் படகுக்கோ வீட்டுக்கோ கடன் கேட்கும்போது அது உதவும். அரசு வேலையில் இருப்பவர்கள், கீழக்கரை, தொண்டிப் பக்கம் வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் பணம் வருகிற வீடுகள், இவர்கள் தாராளமாக வாங்கலாம்.

ஆனால் சலுகைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பெட்ரோல் சலுகை என்பது பெரும்பாலும் கார்டில் கட்டுவதற்காகப் போடுகிற 1 சதவீதக் கூடுதல் கட்டணத்தைத் திருப்பித் தருவதுதான். ரொக்கம் கொடுக்கிறவருக்கு அந்தக் கட்டணமே கிடையாது. ஓய்வறைக்கு நாம் மதுரை வரை போக வேண்டும், அப்புறம் விமானமும் ஏற வேண்டும்.

வட்டிக்கு வருவோம், என் கவலையே அதுதான். பல கார்டுகளில் பாக்கிக்கு மாதம் 3.75 சதவீதம் வரை போடுகிறார்கள். நம் ஊர்க் கணக்கில் மூணே முக்கால் வட்டி! தெருவில் ஒருவர் இந்த வட்டி கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவோம், கார்டில் வரும்போது மட்டும் அது கண்ணில் படுவதில்லை. தடைக்காலத்தில் வலைக்கும் இன்ஜின் வேலைக்குமாக 20,000 ரூபாய் தேய்த்தீர்கள் என்று வையுங்கள். குறைந்தபட்சத் தொகை 5 சதவீதம், அதாவது 1,000 ரூபாய் கட்டினால் போதும் என்று பில் சொல்லும். ஒரு மாத வட்டி 750, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 135, ஆக 885 ரூபாய் அதிலேயே போய்விடுகிறது, நீங்கள் கட்டிய ஆயிரத்தில் கடன் குறைந்தது 115 ரூபாய். பாக்கி நிற்கும் வரை புதிதாக வாங்குகிற பொருளுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தாலோ பாக்கி இல்லாவிட்டாலும் அன்றைக்கே வட்டி, கூடவே தனிக் கட்டணம். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.

தொழிலுக்குத்தான் பணம் வேண்டுமென்றால் விவசாயிகளுக்குத் தருகிற கிசான் கிரெடிட் கார்டு என்ற கடன் திட்டம் மீனவர்களுக்கும் உண்டு, 2018-19இலிருந்தே தருகிறார்கள். அதில் ஆண்டுக்கே 7 சதவீதம்தான் வட்டி, கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4தான் நிற்கும். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. வங்கிக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் நடையாக நடக்க வேண்டியிருக்கும், உண்மைதான். நடங்கள், அது உங்களுக்கான பணம்.

கேட்காமலே கார்டு வீட்டுக்கு வந்துவிட்டால்? உங்கள் சம்மதமில்லாமல் அனுப்பக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வந்த கார்டை இயக்கச் சொல்லி ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டு வேண்டாம் என்று நினைப்பவர்கள் பாக்கியை முடித்துவிட்டு மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள், 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவர்கள்தான் உங்களுக்குத் தர வேண்டும். எழுதிக் கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.