மைதானம் யார் பெயரில்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கிறது ஷெஃபீல்டு. எஃகும் கத்தியும் செய்து பேர் வாங்கிய ஊர். ஐந்தரை லட்சம் பேர் வாழ்கிறார்கள். உலகில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் கால்பந்து கிளப்புகளில் மிகப் பழையதான ஷெஃபீல்டு எஃப்.சி. 1857 அக்டோபர் 24 அன்று இங்கேதான் தொடங்கியது. இங்கிலாந்து முழுமைக்கும் பொது விதிகள் வருவதற்கு முன்பே இந்த ஊர் தனக்கென்று ஒரு விதிப்புத்தகம் வைத்துக்கொண்டு ஆடியது. கார்னர் கிக் அந்தப் புத்தகத்திலிருந்து வந்ததுதான்.

அதே ஊரில், அதே தேதியில், 2025 அக்டோபர் 24 அன்று ஷெஃபீல்டு வென்ஸ்டே கிளப் அட்மினிஸ்ட்ரேஷனுக்குள் போனது. கடனை அடைக்க வழியில்லாத நிறுவனத்தை உரிமையாளரின் கையிலிருந்து எடுத்து, திவால் சட்டத்தில் தேர்ந்த நிர்வாகிகளிடம் ஒப்படைப்பதற்குத்தான் அந்தப் பெயர். லீக் விதிப்படி உடனே 12 புள்ளிகள் பறிபோயின. அப்போது வென்ஸ்டே ஆடிக்கொண்டிருந்தது இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பில். பதினோரு ஆட்டங்களில் அது சேர்த்திருந்ததே 6 புள்ளிதான். பட்டியலில் மைனஸ் 6 என்று எழுதினார்கள். ஏற்கெனவே கடைசி இடம்தான். இப்போது அதற்கும் கீழே ஒரு பள்ளம்.

ஊரின் வடமேற்கில் ஹில்ஸ்பரோ மைதானத்தில் வென்ஸ்டே, 1867இல் தொடங்கியது. நகர மையத்தை ஒட்டி பிரமால் லேனில் ஷெஃபீல்டு யுனைடெட், 1889இல் தொடங்கியது. இரண்டும் சேர்ந்து வென்றவை 5 லீக் பட்டங்கள், 7 எஃப்.ஏ. கோப்பைகள். ஊருக்குக் கடைசி லீக் பட்டம் வந்தது 1930இல், கடைசி எஃப்.ஏ. கோப்பை 1935இல். அதற்குப் பிறகு இந்நாள்வரை பெரிய கோப்பை என்று ஒன்றே ஒன்று: 1991இல் இரண்டாம் நிலையில் ஆடிக்கொண்டே மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என்று வீழ்த்தி வென்ஸ்டே எடுத்த லீக் கோப்பை. இரண்டு கிளப்பும் ஒன்றாக முதல் நிலையில் ஆடிய கடைசி பருவம் 1993-94. முதல் நிலை லீக்கான பிரீமியர் லீக்கின் முதல் கோலை 1992 ஆகஸ்ட் 15 அன்று அடித்தவர் யுனைடெட்டின் பிரையன் டீன் என்பதை இன்று பலரும் மறந்துவிட்டார்கள்.

ரசிகர்கள் போய்விட்டதால் கிளப் விழுந்தது என்று சொல்ல இங்கே இடமே இல்லை. 1979 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இரண்டு அணிகளும் மூன்றாம் நிலையில் மோதின. வென்ஸ்டே 4-0. பார்க்க வந்தவர்கள் 49,309 பேர்! மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு! 2011-12இல் மறுபடி இருவரும் அதே மூன்றாம் நிலையில். வென்ஸ்டே 93 புள்ளி, யுனைடெட் 90. அந்த மூன்று புள்ளியில் வென்ஸ்டே மேலே ஏறியது. யுனைடெட், மேலே ஏறும் கடைசி ஓர் இடத்துக்கான ப்ளே-ஆஃப் ஆட்டங்களின் இறுதியில் பெனால்டியில் தோற்று, மேலும் ஐந்து பருவங்கள் அங்கேயே கிடந்தது. ஆகவே மக்கள் இருக்கிறார்கள், பாசம் இருக்கிறது. பிறகு எங்கே கசிகிறது?

என் பதில்: மைதானத்தின் பத்திரத்தில். கால்பந்து கிளப்புக்கு உண்மையான சொத்து என்று இருப்பது நிலம் ஒன்றுதான். வீரர் ஒப்பந்தம் முடிந்தால் போய்விடுவார். தொலைக்காட்சிப் பணம் லீக்கின் படிக்கட்டோடு ஏறி இறங்கும். மைதானம் மட்டும் நிற்கும். ஷெஃபீல்டில் இரண்டு கிளப்புமே, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால், தன் மைதானத்தைத் தன் பெயரில் வைத்திராத நிலைக்குப் போயின.

முதலில் வென்ஸ்டே. 2015இல் தாய்லாந்தின் தேஜ்போன் சன்சிரி கிளப்பை வாங்கினார். பிரீமியர் லீக்குக்கு ஏறிவிட வேண்டும் என்று செலவழித்தார். 2016 ப்ளே-ஆஃப் இறுதியில் ஹல் சிட்டியிடம் 1-0 தோல்வி. 2017 அரையிறுதியில் ஹடர்ஸ்ஃபீல்டிடம் பெனால்டியில் தோல்வி. இரண்டு முறை கதவுவரை போய்த் திரும்பியாயிற்று. சம்பளப் பட்டியலோ பெரியதாகவே நின்றது. சாம்பியன்ஷிப்பில் ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் மொத்தம் 3.9 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக் கூடாது. அந்த வரம்பு நெருக்கியபோது ஹில்ஸ்பரோவை உரிமையாளரின் நிறுவனத்துக்கே சுமார் 6 கோடி பவுண்டுக்கு விற்றதாகக் கணக்கு எழுதினார்கள். அதில் வந்த லாபம் 3.8 கோடி. அந்த விற்பனை லாபத்தை எடுத்துவிட்டால் 2017-18 கணக்கு 3.5 கோடிக்கு மேல் நட்டம்; அதையும் சேர்த்துப் பார்த்தால் சிறு லாபம்.

எங்கே சிக்கியது என்றால், தேதியில். கணக்கு முடிந்தது 2018 ஜூலை. மைதானத்தை வாங்கிய ஷெஃபீல்டு 3 லிமிடெட் என்ற நிறுவனம் பதிவானதே 2019 ஜூனில். இன்னும் பிறக்காத நிறுவனத்துக்கு விற்ற லாபத்தை முந்தைய ஆண்டில் எழுத முடியாது என்றது விசாரணைக் குழு. 2020 ஜூலையில் 12 புள்ளி தண்டனை. மேல்முறையீட்டில் நவம்பரில் அது 6 ஆயிற்று. அந்தப் பருவத்தை வென்ஸ்டே 41 புள்ளியோடு கடைசியாக முடித்தது. தப்பிப் பிழைத்த டெர்பி கவுண்டி எடுத்தது 44. பறித்த 6 திரும்பக் கிடைத்திருந்தால் 47. மைதானத்தை விற்றது கிளப்பைக் காப்பாற்றத்தான் என்றார்கள். அந்த விற்பனைதான் கிளப்பை மூன்றாம் நிலைக்குத் தள்ளியது. டெர்பியும் தன் மைதானத்தை உரிமையாளருக்கு விற்ற கிளப்தான். அடுத்த ஆண்டு 21 புள்ளி இழந்து அதுவும் விழுந்தது.

சொந்த வீட்டை விற்று, அதே வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பது போன்றது இது. விற்ற ஆண்டில் கையில் காசு தெரியும். அடுத்த ஆண்டு விற்க ஒன்றும் இருக்காது. கிளப்பை வாங்க வருபவர், மைதானத்துக்கு இன்னொரு நிறுவனத்தோடு தனியாகப் பேரம் பேச வேண்டும். கூரை ஒழுகினால், கல் உதிர்ந்தால், யார் கட்டுவது என்பதே கேள்வியாகும். 1961இல் திறந்த ஹில்ஸ்பரோவின் வடக்கு ஸ்டாண்டுக்கு 2025 கோடையில் நகராட்சி தடை போட்டது. கட்டுமானப் பாதுகாப்பு பற்றிய ஐயம். அந்த மைதானத்தில் இந்த விஷயத்தை எவரும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே ஏற்பட்ட நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர் உயிரிழந்தார்கள். அன்று நடைமுறையில் இருந்த பாதுகாப்புச் சான்றிதழ் 1979இல் கொடுத்தது, அதன் பின் திருத்தப்படாதது.

அதே 2025இல் மார்ச், மே, ஜூன் மாதங்களில் சம்பளம் நேரத்துக்கு வரவில்லை. ஓராண்டில் மொத்தம் 30 நாளுக்கு மேல் பாக்கி தாமதமானால், அடுத்த மூன்று ட்ரான்ஸ்ஃபர் காலங்களுக்கு ஒரு பவுண்டுகூடக் கொடுத்து வீரரை வாங்க முடியாது. அந்தத் தடை வந்தது. சம்பளம் வராத வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம்; போனார்கள். 2023இல் வெம்ப்ளியில் கடைசி நொடியில் கோல் அடித்து கிளப்பை மேலே ஏற்றிய ஜோஷ் விண்டாஸும் போனார். மேனேஜர் டேனி ரோலும் ஜூலையில் விலகினார்.

இனி யுனைடெட். அங்கே முதலாளி வெளிநாட்டுக்காரர் என்று பழி போட முடியாத தொடக்கம். கெவின் மெக்கேப் உள்ளூர்க்காரர், சிறுவயது முதல் அந்த அணியின் ரசிகர். 2013இல் சவூதி இளவரசர் அப்துல்லாவுக்கு 1 பவுண்டுக்குப் பாதிப் பங்கு கொடுத்தார். இளவரசர் 1 கோடி பவுண்டு முதலீடு செய்வதாக ஒப்பந்தம். பிரமால் லேன், அகாடமி, ஹோட்டல் எல்லாம் மெக்கேப் தரப்பிடமே இருந்தன. இளவரசரின் நிறுவனம் 75 சதவீதப் பங்கைத் தொட்டால் அந்தச் சொத்துகளையும் வாங்கியே ஆக வேண்டும் என்பது நிபந்தனை. பிறகு பிரிவு வந்தது. என் பாதியை 50 லட்சத்துக்கு நீ வாங்கு, இல்லையேல் உன் பாதியை அதே விலைக்கு எனக்குக் கொடு என்று மெக்கேப் நோட்டீஸ் கொடுத்தார். இளவரசர் வாங்கத் தயாரானார். ஆனால் தன் பங்கை முன்னதாகவே இரண்டு நிறுவனங்களாகப் பிரித்து வைத்தார், எதுவும் 75ஐத் தொடாதபடி. வழக்கு உயர் நீதிமன்றம் போயிற்று. 2019 செப்டம்பரில் தீர்ப்பு: மெக்கேப் பங்கைக் கொடுக்க வேண்டும், இளவரசர் மைதானத்தையும் வாங்க வேண்டும். பிரீமியர் லீக்குக்கு ஏறிய முதல் ஆண்டிலேயே, பணமெல்லாம் ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டிய காலத்தில், கிளப் தன் நிலத்தை மீட்கும் கணக்கிலும் உட்கார வேண்டி வந்தது.

அந்தப் பருவத்தை யுனைடெட் 9ஆம் இடத்தில் முடித்தது, அருமையான ஆட்டம். மறு பருவமே 23 புள்ளியோடு கடைசி. 2023இல் மீண்டும் ஏறி, 2023-24இல் 16 புள்ளி, வாங்கிய கோல் 104. இதற்கிடையே பிற கிளப்புகளுக்குத் தர வேண்டிய வீரர் விலைத் தவணையைத் தாமதித்ததற்காக 2024-25ஐ மைனஸ் 2இல் தொடங்கியது.

பிரீமியரிலிருந்து இறங்கும் கிளப்புக்குப் ‘பாராசூட்’ பணம் உண்டு. சமபங்குத் தொலைக்காட்சிப் பணத்தில் முதலாண்டு 55 சதவீதம், அடுத்து 45, பின் 20. ஒரே பருவம் மேலே இருந்துவிட்டு இறங்கினால் மூன்றாம் ஆண்டுக்கு ஒன்றும் இல்லை. யுனைடெட்டின் நிலை அதுதான். 2024-25இல் அவர்கள் எடுத்தது 90 புள்ளி. நான்காம் இடத்துச் சண்டர்லாந்தை விட 14 அதிகம். ப்ளே-ஆஃப் இறுதியில் அதே சண்டர்லாந்திடம், 1-0 என முன்னிலையில் இருந்து, 90 நிமிடம் முடிந்து ஈடுகட்டும் நேரத்தில் வாங்கிய கோலால் 2-1 தோல்வி. பத்துக் கோடி பவுண்டுக்கு மேல் கைவிட்டுப் போன மாலை. அடுத்த மாதம் கிறிஸ் வைல்டரை அனுப்பிவிட்டு ரூபன் செயெஸைக் கொண்டுவந்தார்கள்; லீக்கில் முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி; செப்டம்பரில் வைல்டரையே திரும்ப அழைத்தார்கள். 90 புள்ளி எடுத்த மேனேஜரை ஒரு கோலுக்காக மாற்றியது பெரும் பிழை என்றே நான் கருதுகிறேன்.

2025 நவம்பரில் ஹில்ஸ்பரோவில் இரண்டு அணிகளும் மோதியபோது யுனைடெட் 3-0 என்று வென்றது. கொண்டாடினார்கள், அவர்கள் உரிமை. ஆனால் அன்று மோதியது பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்த இரண்டு அணிகள். எதிரி தன்னைவிடத் தாழ்ந்திருந்தால் போதும் என்று இந்த ஊர் நெடுநாள் ஆறுதல் அடைந்துவிட்டது. அந்த ஆறுதல் இருவருக்குமே கெடுதல் செய்திருக்கிறது.

இனி வென்ஸ்டேக்கு என்ன வழி? அட்மினிஸ்ட்ரேஷனில் கடன் தீர்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. வீரர்களுக்கும் பிற கிளப்புகளுக்கும் முழுத்தொகை. வரித்துறைக்கு முன்னுரிமை. அச்சகக்காரர், உணவு தருபவர் போன்றோருக்கு மிஞ்சியது. அவர்களுக்கு ஒரு பவுண்டுக்கு 25 பென்ஸாவது கொடுக்காவிட்டால் அடுத்த பருவம் இன்னொரு 15 புள்ளி போகும். வாங்க வருபவர் இந்தத் தொகையையும், மைதானப் பழுதுச் செலவையும், கீழ்நிலை லீக்கின் குறைந்த வருமானத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டும்.

ஒரு நல்லது நடந்திருக்கிறது. அக்டோபரில் கிளப்போடு மைதானத்தை வைத்திருந்த நிறுவனமும் சேர்ந்தே நிர்வாகிகளிடம் போனது. ஆகவே இரண்டையும் ஒரே கையில் விற்க முடியும். மூன்று மாதம் முன்பு, 2025 ஜூலையில், இங்கிலாந்தில் கால்பந்து நிர்வாகச் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன்படி கிளப் தன் மைதானத்தை விற்கவோ அடகு வைக்கவோ தனி ஒழுங்குமுறை ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். விற்றுப்போனதை அந்தச் சட்டம் திருப்பித் தராது. புதிய உரிமையாளர் கையெழுத்திடும் நாளில் ஹில்ஸ்பரோவின் பத்திரம் கிளப்பின் பெயருக்கு மாறுகிறதா என்று ரசிகர் சங்கங்கள் கேட்க வேண்டும். வீரர் பட்டியலை அதற்குப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.