மதினியும் நானும் ஒரு சமையல் காண்ட்ராக்டும்

(திருநெல்வேலியில் மகளிர் சுயஉதவிக் குழுவினர் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

அக்காமார்களுக்கும் தங்கைமார்களுக்கும் வணக்கம்.

இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து சமையல் தொழில் தொடங்கப் போகிறோம், அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். நானும் என் அண்ணன் மனைவியும், அதாவது மதினியும், அப்படித்தான் நடத்திக்கொண்டிருக்கிறோம். அடுப்பு மதினி பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது, சரக்கு வாங்குவது, வீட்டாரிடம் பேசுவது, கணக்கு எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. அதனால் சமையல் குறிப்பு எதுவும் நான் சொல்லப் போவதில்லை. நன்றாகச் சமைக்கிறவர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிறையப் பேர் இருப்பீர்கள். கைப்பக்குவம் போதாமல் மூடிப்போன தொழிலை நான் அதிகம் பார்த்ததில்லை. பேச வேண்டியதைப் பேசாமல், எழுத வேண்டியதை எழுதாமல் விட்டு, மனசு கசந்து பிரிந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

சேர்ந்து நடத்துவது என்றால் என்ன என்று ஒரு மறுவீட்டு விருந்தை வைத்துச் சொல்கிறேன். நம்ம ஊரில் மறுவீடு என்றால் சொதி. அதற்குத் தேங்காய்ப்பால் மூன்று தடவை எடுப்போம். இரண்டாம் பாலிலும் மூன்றாம் பாலிலும் காய் வேகும். வறுத்து வேகவைத்த சிறுபருப்பும், இஞ்சி, பச்சைமிளகாய் அரைத்த விழுதும் சேரும். முதல் பால் கடைசியில்தான். அதை ஊற்றிய பிறகு கொதிக்க விடக்கூடாது, நுரை கூடி வரும்போதே இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு சூடு தணிந்த பிறகு.

வீட்டில் பத்துப் பேருக்கு இது ஒரு வேலையே இல்லை. முந்நூறு பேருக்கு அண்டாவில் வைக்கும்போது, முதல் பாலை எப்போது ஊற்றுவது என்பதை அடுப்பு முன்னால் நிற்கிறவர் தனியாக முடிவு செய்ய முடியாது. பந்தி எப்போது உட்காரும் என்று தெரிந்தால்தான் முடியும். மாப்பிள்ளை வீட்டு வேன் இன்னும் வள்ளியூரே தாண்டவில்லை என்ற சேதி என் காதுக்கு வரும், மதினி காதுக்கு வராது. நான் ஓடிப்போய், "மதினி, இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும்" என்றால், "சரிளா, பால் நிக்கட்டும், நீ இலைக்கட்டு வந்துட்டான்னு பாரு" என்பார்கள். இந்தச் சேதிப் போக்குவரத்து நின்றுபோனால், எவ்வளவு கெட்டிக்காரி சமைத்தாலும் சொதி ஆறியிருக்கும், இல்லையென்றால் திரிந்திருக்கும்.

இதனால் எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. மெனு, நேரம் இரண்டிலும் மதினியைக் கேட்காமல் நான் யாருக்கும் சரி சொல்வதில்லை. விலையில் மதினி யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. சொந்தக்காரர்கள் மதினியிடம் போய், "நம்ம வீட்டு விசேஷம்தானே, இலைக்கு இருபது ரூபாய் குறைச்சுக்கோ" என்று கேட்பார்கள். "அதெல்லாம் அவகிட்டப் பேசுங்க" என்று என் பக்கம் கையைக் காட்டிவிடுவார்கள். இதனால் உறவில் எனக்குக் கெட்ட பெயர் வந்ததும் உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டை மாற்றவில்லை.

அடுத்தது பணம். நம் தொழிலில் ஆர்டர் இரண்டு விதம். சாமானை வீட்டார் வாங்கித் தந்து, நாம் சமையல் கூலி மட்டும் வாங்குவது ஒன்று. இலைக்கு இவ்வளவு என்று எல்லாவற்றையும் நாமே பார்ப்பது இன்னொன்று. தொடங்குகிறவர்கள் கூலி ஆர்டரில் தொடங்குங்கள். அதில் லாபம் கொஞ்சம்தான், ஆனால் விலைவாசி உங்களைக் கொல்லாது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னையில் ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசாங்கமே விற்க வேண்டியிருந்தது. சின்ன வெங்காயமும் அதே நேரத்தில் ஏறியது. அந்த ஆனி மாத முகூர்த்தங்களுக்கு நாங்கள் ரேட் பேசியது சித்திரையில். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, ரேட்டைக் கூட்டிக் கேட்க முடியாது. குழம்பில் தக்காளியைக் குறைக்க மதினி சம்மதிக்கவே இல்லை. கணக்கை வைத்துக்கொண்டு நான் கத்தினேன். கடைசியில் வீட்டாரிடமே உள்ளதைச் சொல்லி, தக்காளி ரசத்தை எலுமிச்சை ரசமாக மாற்றினோம். அவர்கள் முகம் சுளிக்கவில்லை. இப்போது ரேட்டை ஒரு மாதம் முன்னால்தான் உறுதி செய்கிறோம். அட்வான்ஸ் ரசீதிலேயே அதை எழுதிவிடுகிறோம்.

இலை எண்ணிக்கையிலும் கவனமாக இருங்கள். முந்நூறு என்று சொல்லியிருப்பார்கள், வருகிறவர்கள் கூடிப்போவார்கள். ஒவ்வொரு பந்தி முடிந்ததும் நம் ஆள் ஒருவர், வீட்டார் பக்கம் ஒருவர் சேர்ந்து எண்ணி, அங்கேயே நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் பேசினால் சண்டைதான். எங்களுக்கு ஒரு வீட்டார் தர வேண்டிய பாக்கி இன்றுவரை வரவில்லை, காரணம் இந்த எண்ணிக்கைத் தகராறு.

இனி நான் சொல்வதுதான் முக்கியம். இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் 1932-இல் வந்தது. நாம் தனியாக ஒன்றும் எழுதிக்கொள்ளவில்லை என்றால் அந்தச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு நமக்காக எழுதிவிடுகிறது. என்ன எழுதுகிறது? லாபமும் நஷ்டமும் சமபங்கு. வேலை செய்ததற்காகப் பங்குதாரருக்குச் சம்பளம் கிடையாது. யோசித்துப் பாருங்கள். ஒருத்தி விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து அடுப்புப் பற்றவைக்கிறாள். இன்னொருத்தி பணம் போட்டதோடு சரி, எட்டு மணிக்குப் பட்டுச்சேலையில் மண்டபத்துக்கு வருகிறாள். எழுத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பங்கு. முதல் வருஷம் யாரும் பேசமாட்டார்கள், மனசுக்குள் புகைந்துகொண்டிருக்கும்.

அதனால் நாங்கள் முதலில் சம்பளத்தை எழுதினோம். வெளியிலிருந்து ஒரு மாஸ்டரைக் கூப்பிட்டால் என்ன கொடுப்போமோ அது மதினிக்கு. மேற்பார்வைக்கு ஒரு ஆள் வைத்தால் என்ன ஆகுமோ அது எனக்கு. மதினி கூலி என் கூலியைவிட அதிகம், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்டா முன்னால் அந்த வெக்கையில் நிற்பது யார் என்று எனக்குத் தெரியும். கூலி போக மிச்சத்தில் பத்தில் ஒரு பங்கு கையிருப்பு. அதற்குப் பிறகு வருவதுதான் லாபம், அது சமபங்கு.

அதே சட்டத்தின் 25-ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலுக்காக மதினி மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டு வந்தால், கடைக்காரர் முழுத்தொகையையும் என்னிடம் கேட்கலாம். பாதிதான் என் பொறுப்பு என்று நான் சொல்ல முடியாது. அப்புறம், கூட்டாண்மையைப் பதிவு செய்யாவிட்டால் பாக்கி தராதவர்கள் மீது நிறுவனத்தின் பெயரில் வழக்குப் போட முடியாது என்று 69-ஆவது பிரிவு சொல்கிறது. பதிவு செய்துவிடுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவும் எடுங்கள். அந்த 14 இலக்க எண் பில்லில் இருந்தால் ஆபீஸ் ஆர்டர்கள் கிடைப்பது சுலபமாகும்.

பொறுப்பு என்றதும் மிஞ்சின சோறும் ஞாபகம் வருகிறது. மத்தியானச் சோற்றை ராத்திரிக்குச் சூடு பண்ணிப் போடச் சொல்வார்கள். செய்யாதீர்கள். வெளியிலேயே கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி வளர்ந்து நஞ்சு விடும், அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் சூடாக இருக்கும்போதே கொடுத்து அனுப்புங்கள். மிஞ்சாமல் பார்ப்பது இன்னும் நல்லது. பத்து இலைக்குக் கிலோ அரிசி எங்கள் கணக்கு. அதிலும் மொத்தத்தையும் ஒரே தடவையில் வடிக்கமாட்டோம். முதல் பந்தி சாப்பிடும் வேகத்தைப் பார்த்துத்தான் மதினி அடுத்த உலை வைப்பார்கள்.

தாழ்வு காலத்தையும் சொல்ல வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணம் இல்லாத மாதங்கள். கொடை விழா அன்னதானமும் தீபாவளிப் பலகாரமும் ஓரளவு தாங்கும். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாதக் கணக்கு கிடையாது. ஆனால் 2020-இல் வந்தது வேறு. மார்ச் கடைசியில் ஊரடங்கு, பிறகு கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று உத்தரவு. பங்குனி, சித்திரை, வைகாசி ஆர்டர்கள் எல்லாம் போயின. அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தோம். கையிருப்பில் மிச்சம் இருந்ததை வைத்து அடுத்த வருஷத்தை ஓட்டலாம் என்றேன் நான். "காய் நறுக்குற பொம்பளைங்க நாலு பேரும் இந்த மாசம் என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டார்கள் மதினி. அன்று என் பேச்சு எடுபடவில்லை, எடுபடாததே நல்லது. நாலு வீட்டுக்கும் அரிசியும் கொஞ்சம் பணமும் போனது. தொழில் திரும்பத் தொடங்கியபோது நாலு பேரும் எங்களிடமே வந்தார்கள். சீசனில் ஆள் கிடைக்காமல் அலைகிறவர்களுக்குத் தெரியும் அதன் அருமை.

கடைசியாக, பிரிவதைப் பற்றியும் முதல் நாளே எழுதுங்கள். அபசகுனம் என்று தள்ளிவிடாதீர்கள். அண்டா, இட்லிக் கொப்பரை, கேஸ் அடுப்பு யாருக்கு, போன் நம்பர் யாருக்கு, வாங்கிய அட்வான்ஸுக்கு யார் பொறுப்பு, எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும், எல்லாமே எங்கள் தாளில் இருக்கிறது. அதை எழுதிய அன்று மதினியின் கண் கலங்கியது, எனக்கும்தான். எழுதி முடித்துவிட்டு மறுநாள் ஆர்டருக்கு அரிசி ஊறப்போடப் போனோம்.

அந்தத் தாளின் நகல்களை, தொகைகளை மட்டும் மறைத்து, கொண்டுவந்திருக்கிறேன். மேஜையில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் சாப்பாட்டுக்குப் பிறகு கேளுங்கள். கணக்கு என்றால் நான் சொல்கிறேன். சொதி பற்றி என்றால் மதினியும் வந்திருக்கிறார்கள், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.