1905: இரண்டு புள்ளியில் முடிந்த பருவம்

நேயர்களுக்கு வணக்கம்.

விளையாட்டு வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு பருவத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது 1905-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நடு மேற்குப் பகுதிக் கல்லூரிகள் ஆடிய ஃபுட்பால் பருவம். முட்டை வடிவப் பந்தை மார்போடு இடுக்கிக்கொண்டு எதிராளிகளை மோதித் தள்ளி முன்னேறுகிறார்களே, அந்த ஆட்டம்.

அங்கே வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. இன்று பிக் டென் என்று உலகம் அறிந்திருப்பது அதைத்தான். 1896-இல் ஏழு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கின. 1899-இல் இண்டியானாவும் அயோவாவும் சேர, ஒன்பது ஆயின. இதைத் தொடங்கியவர்கள் பயிற்சியாளர்களோ ரசிகர்களோ இல்லை, பேராசிரியர்கள். ஆட்டம் படிப்பை விழுங்கிவிடாமல் கடிவாளம் போடத்தான் கூடினார்கள். எந்த அணி எந்த அணியோடு ஆட வேண்டும் என்ற அட்டவணைகூட அவர்கள் போடவில்லை. அவரவர் பேசி ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். அதனால் 1905-இல் சிகாகோ பல்கலைக்கழகம் மற்ற கான்ஃபரன்ஸ் அணிகளோடு ஏழு ஆட்டம் ஆடியது. மிச்சிகன் மூன்றே மூன்று.

அன்றைய விதிகளைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பந்தை முன்னோக்கி எறியக் கூடாது. மூன்று முயற்சியில் ஐந்து கெஜம் முன்னேறினால் போதும், பந்து உங்களிடமே இருக்கும். ஆகவே எல்லோரும் ஒரே இடத்தில் கும்பலாக முட்டினார்கள். தலைக்கவசம் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும். எலும்பு முறிவதற்கென்றே எழுதின விதிகளோ என்று தோன்றும். பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோகும் டச் டவுனுக்கு 5 புள்ளி, உதைத்து அடிக்கும் ஃபீல்டு கோலுக்கு 4. தன் கோல் கோட்டுக்குப் பின்னாலேயே ஒருவன் பந்தோடு வீழ்த்தப்பட்டால் எதிரணிக்கு 2. இதற்கு சேஃப்டி என்று பெயர். இந்த இரண்டு புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மிச்சிகனின் பயிற்சியாளர் ஃபீல்டிங் யோஸ்ட். அவர் வந்த 1901-ஆம் ஆண்டில் அந்த அணி 550 புள்ளி எடுத்தது. எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம். 1902 புத்தாண்டு நாளில் கலிபோர்னியாவின் பாசடீனாவில் ஸ்டான்ஃபோர்டை 49–0 என்று வென்றார்கள். ரோஸ் பௌல் என்ற புத்தாண்டுப் போட்டியின் முதல் ஆட்டம் அது. நிமிடத்துக்கு ஒரு புள்ளி அணி என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. 1905 நவம்பர் கடைசி வாரத்தில் அவர்கள் தொடர்ந்து 56 ஆட்டங்களில் தோற்காதிருந்தார்கள். 1903-இல் மினசோட்டாவோடு 6–6 என்று சமன் செய்தது ஒன்றுதான். மற்ற 55-உம் வெற்றி.

சிகாகோவின் பயிற்சியாளர் அமோஸ் அலோன்சோ ஸ்டாக் வேறு மாதிரி ஆள். பல்கலைக்கழகத்தின் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் 1892-இல் அவரைப் பேராசிரியர் பதவியே கொடுத்து அழைத்து வந்தார். பயிற்சியாளருக்கு நிரந்தரப் பேராசிரியர் பதவி என்பது அன்றைக்குப் புதுமை. ஸ்டாக்கின் ஆயுதம் வால்டர் எக்கர்சால் என்ற உள்ளூர்ப் பையன். உயரமும் எடையும் குறைவு. ஆனால் அந்தக் கால் உதைத்தால் பந்து எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும். மாடிசனில் விஸ்கான்சினை 4–0 என்று வென்றது அவருடைய ஒரே உதையால்தான். இல்லினாய்க்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து ஃபீல்டு கோல் அடித்தார். அந்தப் பருவம் முழுக்க சிகாகோ கொடுத்தது வெறும் 5 புள்ளி, அதுவும் இண்டியானாவுக்கு.

நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாள். சிகாகோவின் மார்ஷல் ஃபீல்டு மைதானத்தில் சுமார் 27,000 பேர். எலும்பைக் குடைகிற குளிர். ஆட்டம் பார்க்க விறுவிறுப்பாக இருந்திருக்குமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். இரண்டு பக்கமும் முன்னேற முடியவில்லை. முட்டுவார்கள், நிற்பார்கள், பந்தை நீளமாக உதைத்து எதிராளியிடம் ஒப்படைப்பார்கள். மணிக்கணக்கில் இதே கதை.

இரண்டாவது பாதியில் எக்கர்சால் உதைத்த ஒரு பந்து மிச்சிகனின் கோல் கோட்டைத் தாண்டிப் போனது. டென்னி கிளார்க் என்ற வீரர் அதைப் பிடித்தார். அங்கேயே பந்தைத் தரையில் வைத்திருந்தால் ஒரு நஷ்டமும் இல்லை. அவர் ஓடினார். கோட்டைத் தாண்டி வெளியேயும் வந்துவிட்டார். பேடனாக், கேட்லின் என்ற இரண்டு சிகாகோ வீரர்கள் பாய்ந்து அவரைக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போய் வீழ்த்தினார்கள். நம் கபடியில் நடுக்கோட்டில் விரல் பட்டால் போதும், ஆள் தப்பித்தான். இங்கே கிளார்க் கோட்டைத் தாண்டியது கணக்கில் வரவே இல்லை. சேஃப்டி, இரண்டு புள்ளி. சிகாகோ 2, மிச்சிகன் 0. ஆட்டம் அப்படியே முடிந்தது.

அந்தப் பருவத்தில் 13 ஆட்டங்களில் மிச்சிகன் எடுத்தது 495 புள்ளி, கொடுத்தது மொத்தமே அந்த 2 புள்ளி. தோல்வியின் பழி முழுக்க கிளார்க்கின் தலையில் விழுந்தது. 1932-இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த ஓட்டம்தான் காரணம் என்று முடிச்சுப் போட்டு எழுதுகிறவர்கள் இன்றும் உண்டு. இருபத்தேழு ஆண்டு வாழ்க்கையை ஒரு பந்துக்குள் அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. பருவம் முழுக்க 495 எடுத்த அணி கடைசி ஆட்டத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லையே, அதற்கு யார் காரணம்?

சரி, மைதானத்துக்கு வெளியே வருவோம். அதே நவம்பரில் கோலியர்ஸ் வார இதழ் இந்த நடு மேற்குக் கல்லூரிகள் வீரர்களை எப்படிக் காசு கொடுத்தும் சலுகை காட்டியும் பிடிக்கின்றன என்று தொடராக எழுதியது. அந்தப் பருவத்தில் நாடு முழுவதும் ஃபுட்பால் ஆடி 18 பேர் இறந்ததாக சிகாகோ ட்ரிப்யூன் கணக்குப் போட்டது; அதில் பெரும்பாலோர் பள்ளிப் பையன்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் அக்டோபரிலேயே ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். அவர் மகனே ஹார்வர்டின் முதலாண்டு அணியில் ஆடி அடி வாங்கியவன்.

1906 ஜனவரியில் வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் பேராசிரியர்கள் சிகாகோவில் கூடினார்கள். கூட்டியவர் மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல். விஸ்கான்சினின் வரலாற்றுப் பேராசிரியர் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர், ஆட்டத்தையே கொஞ்ச காலம் நிறுத்திவைக்க வேண்டும் என்றார். கோபம் கொண்ட மாணவர்கள் அவர் வீட்டு வாசலில் போய்த் திரண்டார்கள். வரலாறு எழுதுகிறவருக்கு வரலாறு வாசலுக்கே வந்த மாதிரி! கடைசியில் ஆட்டம் பிழைத்தது, ஆனால் வெட்டிச் சுருக்கினார்கள்: பருவத்துக்கு ஐந்தே ஆட்டம், ஒரு மாணவனுக்கு மூன்றே ஆண்டு, முதலாண்டுக்காரர்களுக்கு அணியில் இடமில்லை, மாணவர்களுக்கு டிக்கெட் ஐம்பது சென்ட், பயிற்சியாளர் பல்கலைக்கழகத்தின் முறையான ஆசிரியராக இருக்க வேண்டும். நார்த்வெஸ்டர்ன் இரண்டு பருவம் ஆட்டத்தையே விட்டது. முன்னோக்கி எறிவதற்கும் அனுமதி கிடைத்தது அந்த ஆண்டில்தான். அது தேசிய அளவில் நடந்த மாற்றம்.

பயிற்சியாளர் பற்றிய விதியைப் பாருங்கள். ஸ்டாக் ஏற்கெனவே பேராசிரியர், அவருக்கு ஒரு கவலையும் இல்லை. பருவத்துக்கு மட்டும் வந்து போகிற யோஸ்டுக்குத்தான் இடி. கூட்டத்தைக் கூட்டி விதியை எழுதவைத்தது மிச்சிகனின் தலைவர். பொறுக்க முடியாமல் 1908-இல் கான்ஃபரன்ஸை விட்டே வெளியேறியதும் மிச்சிகன்தான். 1917-இல்தான் திரும்பியது.

ஸ்டாக்குக்கும் அந்தப் பேராசிரியர் பதவி பின்னால் ஒரு கணக்குத் தீர்த்தது. எழுபது வயதில் பேராசிரியர்கள் ஓய்வு பெற வேண்டும் என்ற விதியைக் காட்டி 1932 பருவத்தோடு அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் கலிபோர்னியாவுக்குப் போய் இன்னொரு கல்லூரியில் பயிற்சியாளரானார். சிகாகோ அணி தேய்ந்துகொண்டே போனது. 1939-இல் மிச்சிகன் அதை 85–0 என்று அடித்தது. அந்த டிசம்பரில் பல்கலைக்கழகம் ஃபுட்பாலையே கைவிட்டது; 1946-இல் கான்ஃபரன்ஸிலிருந்தும் விலகியது. பிறகு 1969-இல் மறுபடி அணி வந்தது. இன்று அது விளையாட்டு உதவித்தொகை கிடையாத மூன்றாம் பிரிவில் ஆடிக்கொண்டிருக்கிறது.

நன்றி, வணக்கம்.