நடந்தால் மட்டும் எலும்பு தேறாது

நேயர்களுக்கு வணக்கம். கூடலூர், கம்பம், போடி வட்டாரத்திலிருந்து விடியுமுன்னே ஜீப்பில் மெட்டு ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்த அம்மாமார் பலர், இப்போது அறுபது தாண்டி வீட்டில் இருக்கிறீர்கள். அவ்வளவு உழைத்த எலும்புக்கு என்ன கேடு வரும் என்று தோன்றும். மாதவிலக்கு நின்றபின், எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. எலும்பு கட்டப்படுவதைவிட வேகமாகக் கரைகிறது. அன்றைய உழைப்பு அதைத் தடுக்காது.

காலையில் நடக்கிறீர்கள். இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது. எலும்போ, பழகிய பாரத்துக்கு அசைந்து கொடுக்காது. தசை வழக்கத்தைவிடப் பலமாக இழுத்தால்தான் அங்கே புதிய எலும்பு படியும்.

வாரம் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்யுங்கள். முதலில் நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்காருவது, 8 முதல் 12 முறை, இரண்டு சுற்று. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், இல்லாவிட்டால் எழும்போது பின்னால் வழுக்கும். 12 முறை சுலபமாக வந்துவிட்டால் கைக்கு ஒன்றாக ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். பிறகு இன்னும் கனம். கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். பலர் மாதக்கணக்கில் அதே பாட்டிலோடு நின்றுவிடுகிறார்கள், பலன் அங்கேயே நின்றுபோகிறது. மணிக்கட்டுக்குச் சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. விழாமலிருக்க, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் 10 விநாடி, போகப்போக 30.

முதுகுக்குத்தான் அதிக கவனம் வேண்டும். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுத்து, தலையையும் நெஞ்சையும் நான்கு விரல் உயரம் தூக்கி, 5 விநாடி நிறுத்தி இறக்குங்கள். மூச்சை அடக்காதீர்கள். எட்டு முறை போதும்.

காலைத் தொடக் குனிகிற ஆசனங்களும் வயிற்றுப் பயிற்சிகளும் எலும்பு மெலிந்தவர்களுக்கு வேண்டாம். குனியும்போது பாரம் முழுக்க முதுகெலும்புக் கட்டைகளின் முன்பக்கம் இறங்கி, அது நசுங்கும். 1984-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நிமிரும் பயிற்சி செய்த பெண்களில் 16 சதவீதத்தினருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. குனியும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனாலும் அலட்சியப்படுத்த முடியாது.

வீட்டு வேலையில் குனியாமல் முடியுமா? ஒரு கம்பை முதுகோடு பிடியுங்கள்: பின்னந்தலை, மேல்முதுகு, வால் எலும்பு மூன்றிலும் கம்பு ஒட்டியபடியே முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து சாயப் பழகுங்கள். குடமெடுப்பதும் கூட்டுவதும் அப்படித்தான்.

உயரம் 4 சென்டிமீட்டர் குறைந்திருந்தாலோ, குனிந்தபோது திடீரென்று முதுகில் வலி பிடித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே பயிற்சி.

எலும்பு மெலிவுக்கான மருந்தை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் நம்பாதீர்கள். அதற்காக வாரமொரு அலெண்ட்ரோனேட் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நின்று செய்கிற பயிற்சிகளை முடித்துக்கொள்ளலாம். குப்புறப் படுக்கிறதை மட்டும் சாயங்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.