மருந்தைக் குறைத்தால் உதை குறையுமா?

[திரையில்: பித்தளைக் கூடுகள் அடுக்கிய மரப்பலகை]

சுடும்போது ரைபிள் பின்னோக்கித் தரும் உதை தோளுக்குத் தாங்கவில்லை என்றால், தோட்டாவுக்குள் போகும் வெடிமருந்தைக் குறைத்துவிடலாம் என்பதே பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை. உரிய அனுமதியுடன் கையால் தோட்டா நிரப்புகிறவர்கள், மனம்போன போக்கில் குறைத்த தோட்டா, அளவுக்கு மிஞ்சி நிரப்பிய தோட்டாவைப் போலவே துப்பாக்கியை உடைக்கக்கூடும் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

[திரையில்: உந்தக் கணக்கு]

குண்டு முன்னே பாயும் உந்தத்துக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே வருகிறது. எரிந்த மருந்தும் வாயுவாகி, குண்டைவிட வேகமாகக் குழலைவிட்டு வெளியேறுவதால், அதன் எடையும் கணக்கில் சேரும். .308 வகைத் தோட்டாவைச் சுடும் 3.5 கிலோ ரைபிளில் 9.7 கிராம் குண்டு வினாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் சென்றால், உதையின் ஆற்றல் ஏறத்தாழ 20 ஜூல். 8.1 கிராம் குண்டு 670 மீட்டர் வேகத்தில் சென்றால், மருந்தும் அதற்கேற்பக் குறைவதால், உதையின் ஆற்றல் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே குண்டின் எடை, வேகம், மருந்து ஆகிய மூன்றும் சேர்ந்தே குறைய வேண்டும்.

சிக்கல் மருந்தின் இயல்பில் இருக்கிறது. புகையற்ற மருந்து, அழுத்தம் கூடக்கூட வேகமாக எரியும். பெரிய கூட்டுக்கென்று (கூடு என்பது தோட்டாவின் பித்தளை உறை) செய்யப்பட்ட மெதுவாக எரியும் மருந்தைப் பாதியாகக் குறைத்தால், பற்றுதல் சீராக நடப்பதில்லை. சில வேளைகளில் அழுத்தம் எதிர்பாராத உச்சத்தைத் தொட்டுத் துப்பாக்கி சிதறியிருக்கிறது. இதன் காரணம் குறித்து வல்லுநர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பதே, அத்தகைய மருந்தில் கை வைக்காமல் இருக்கப் போதுமான காரணம்.

எனவே மருந்து உற்பத்தியாளர் குறைந்த உதைக்கென வெளியிட்ட அளவுகளை மட்டுமே பின்பற்ற வேண்டும். ஹாட்ஜன் நிறுவனம் எச்4895 என்ற மருந்துக்கு, நிரப்பும் தோட்டாவுக்குத் தன் கையேட்டில் குறித்த உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்கிறது. இந்த விதியை வேறொரு மருந்துக்குப் பொருத்துவது ஆபத்து.

[திரையில்: டார்ச் வெளிச்சத்தில் கூடுகளின் உட்புறம்]

வேகமாக எரியும் மருந்தில் ஆபத்து வேறு வகையானது. அது கூட்டின் அடியில் சிறிதளவே கிடப்பதால், தவறுதலாக இரண்டு முறை ஊற்றிவிட்டாலும் வழியாது. கைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆகவே குண்டைப் பொருத்துவதற்கு முன், பலகையில் நிற்கும் எல்லாக் கூடுகளுக்குள்ளும் டார்ச் அடித்து மருந்தின் மட்டத்தை ஒப்பிட வேண்டும். ஒன்று மட்டும் உயர்ந்தோ தாழ்ந்தோ தெரிந்தால், மேலிருந்து கிள்ளி எடுத்துச் சரிசெய்ய முயலாமல், கொட்டிவிட்டு மீண்டும் எடைபோடுவதே முறை. மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும் என்பதில் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன்.

[திரையில்: துருத்திய பிரைமர்]

சுடும்போது வழக்கமான ஓசைக்குப் பதிலாக மெல்லிய 'டப்' கேட்டால், குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். உடனே நிறுத்தி, குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து, அரை நிமிடம் காத்திருந்து, தோட்டாவை அகற்றியபின் குழல் காலியா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

சுட்ட கூட்டின் அடியை விரலால் தடவிப் பார்ப்பதும் பயன் தரும். அழுத்தம் மிகக் குறைந்தால், சுடுமுனை (பிரைமரைத் தட்டும் ஊசி) முன்னே தள்ளிய கூடு பின்னே திரும்பாமல், அடியில் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமர் சற்றுத் துருத்தி நிற்கும். திரும்பத் திரும்ப இப்படி நேர்ந்தால் கூட்டின் தோள், அதாவது கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு, பின்னே தள்ளப்பட்டுவிடும். அந்தக் கூடுகளை முழு அளவு மருந்துக்குப் பயன்படுத்தாமல் தனியே வைக்க வேண்டும்.

தானியங்கி ரைபிள்கள் குறைந்த மருந்தில் அடுத்த தோட்டாவை ஏற்றாமல் போகலாம். குண்டு படும் இடமும் மாறும் என்பதால் பார்வைக்குறியைப் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். பெட்டியின் மேல் மருந்தின் பெயர், அதன் எடை, குண்டின் எடை, நிரப்பிய தேதி ஆகியவற்றை எழுதி, முழு அளவுத் தோட்டாக்களிலிருந்து பிரித்து வைக்க வேண்டும்.